வாய் தெரியாத இடங்கள்

ஆற்றங்கரையில் நின்ற பொம்மைப் பையன் வாயைத் திறந்தான். வந்தது வேறு யாருடைய குரலோ. நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துத் தேய்த்துப் பேசுகிற ஏதோ ஒரு பாஷை. பரஞ்சோதி நாற்காலியின் நுனிக்கு வந்தார். ஆபரேட்டர் தப்பான பொத்தானை அமுக்கியிருப்பான், இதோ மாற்றிவிடுவான், இப்போதெல்லாம் ஒரே படத்துக்குள் நாலு பாஷையை அடைத்து வைத்திருக்கிறார்களாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாமாம், மகள் கூட ஒருமுறை செல்போனில் காட்டினாள். பையன் மறுபடி பேசினான். அம்மா பொம்மை பதில் சொன்னது. கீழே வெள்ளை எழுத்தில் இங்கிலீஷ் ஓடியது. அரங்கத்தில் யாருக்கும் இது தப்பாகத் தெரிந்ததாகக் காணோம். பக்கத்து வரிசையில் தாடி வைத்த ஒருவர் கன்னத்தில் கைவைத்து, படிப்பதும் பார்ப்பதுமாக அமைதியாக இருந்தார். பின் வரிசையில் ஒரு கணவனும் மனைவியும் சமோசாவைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள், காகிதம் சரசரத்தது. ஏசி குளிர் முழங்காலில் இறங்கியது. போரூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, வெயிலில் நடந்து, அரைமணி முன்னதாகவே வந்து, ஒலிபெருக்கி நேராகக் கேட்கும் இடமாகப் பார்த்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்ததெல்லாம் இந்தப் பாஷையைக் கேட்பதற்கா. இந்தப் பையன் தமயந்தியின் குரலில் பேச வேண்டும். தமிழில் இவன் பேசியது அவள்தான். ஆறு வருஷமாகிறது அவள் போய். இன்றைக்குப் பேசுவாள் என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவன் என்னடாவென்றால் கரகரவென்று யார் வீட்டுப் பிள்ளை மாதிரியோ பேசுகிறான்.

எழுந்தார். இருட்டில் யாருடைய காலையோ மிதித்து, மன்னிப்புக் கேட்டு, சுவரைத் தடவிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் மேஜை போட்டு அனுஷா உட்கார்ந்திருந்தாள். இந்த உலக அனிமேஷன் பட விழாவை நடத்துகிற கூட்டத்தில் ஒருத்தி. போன மாதம் போன் செய்து, சார், அந்தப் படகோட்டி படத்தோட தமிழ்ப் பிரதி எங்களுக்குக் கிடைச்சிருக்கு, டைட்டில்ல உங்க பேரு இருக்கு, அவசியம் வரணும் என்று கூப்பிட்டதும் இவள்தான். "என்னம்மா, படம் அவங்க பாஷையில ஓடுது?" "ஐயோ சார், உங்களுக்கு மெசேஜ் போட்டேனே, பாக்கலையா? டேப்புல பூஞ்சை பிடிச்சிருந்தது சார். படம் ஓரளவுக்கு வந்துச்சு, சவுண்டு சுத்தமா வரலை. மும்பைக்கு அனுப்பிக் கூடப் பாத்தோம். கடைசி நிமிஷத்துல அவங்க தூதரகத்துல கேட்டு ஒரிஜினல் வாங்கினோம். ரெஸ்டோர் பண்ணினது சார், கலரெல்லாம் சூப்பரா இருக்கும்." "கலர்" என்றார் பரஞ்சோதி. "ஆமா சார். படம் முடிஞ்சதும் நீங்க ரெண்டு வார்த்தை பேசறீங்களா? அந்தக் காலத்துல டப்பிங் எப்படி இருந்துச்சுன்னு?" சவுண்டு சுத்தமா வரலை. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள், பால்காரர் இன்னிக்கு வரலை என்கிற மாதிரி. அவளைக் கோபித்து என்ன, அவளுக்குத் தெரியாது. அவளிடம் அவர் சொல்லவே இல்லை. அதில் பேசினது என் சம்சாரம், அவள் குரல் வேறெங்கேயும் இல்லை என்று போனிலேயே சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டிருப்பார்களோ? வாயில் வந்தது "தண்ணி கிடைக்குமா" என்பதுதான். குடித்தார். வீட்டுக்குப் போய்விடலாம் என்று படிவரை போனார். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. அந்த வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று, சவுண்டு சுத்தமா வரலை, சவுண்டு சுத்தமா வரலை என்று மனசு அரைத்துக்கொண்டே இருக்கும். அதற்கு உள்ளேயே இருக்கலாம். மறுபடி அதே காலை மிதித்தார்.

பையன் இப்போது அப்பாவைத் தேடிக் கிளம்பிவிட்டான். கதை அவ்வளவுதான். படகோட்டி ஒருத்தன், பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரை போனவன் திரும்பவே இல்லை. மகன் பனிக்காலத்தில் உறைந்துபோன ஆற்றின் மேலேயே நடந்து தேடிப் போகிறான். மரத்தில் செதுக்கிய பொம்மைகள், கம்பளி நூலில் தலைமயிர், உப்பைக் கொட்டிப் பனி. ஒவ்வொரு அசைவுக்கும் பொம்மையை நூலளவு நகர்த்தி நகர்த்திப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்த நாட்டுக்கே இப்போது அந்தப் பெயர் இல்லை, மூன்றாகவோ நாலாகவோ பிரிந்துவிட்டது. பொம்மை மட்டும் அதே மூக்கோடு நடக்கிறது. பையன் கரடியிடம் வழி கேட்டான். இந்த இடத்தில் தமயந்தி என்ன பேசினாள்? "கரடி மாமா, கரடி மாமா, எங்கப்பாவைப் பாத்தீங்களா?" தமிழ் வசனம் அவர்தான், எழுதியது நினைவிருக்கிறது. கரடியை மாமா ஆக்கியதற்கு மெனக்கெட்டுப் பாராட்டினார்கள். எழுத்து நினைவிருக்கிறது, பேனா நினைவிருக்கிறது, அந்த நீல மசிகூட. குரலை வரவழைத்துப் பார்த்தார். கண்ணை மூடி, பையனின் வாயசைவை மனசில் ஓடவிட்டு, அதன்மேல் அவள் குரலை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. வருவது குரலே இல்லை, எழுதும்போது உள்ளுக்குள் படித்துப் பார்க்கிற சத்தம், ஆணும் இல்லாத பெண்ணும் இல்லாத, யாருடையதும் இல்லாத ஒரு சத்தம். அவளை எப்போது நினைத்தாலும் இந்தச் சத்தம்தான் முந்திக்கொண்டு வருகிறது. முதல் வருஷம் அப்படியில்லை. முதல் வருஷம் குக்கர் விசில் அடித்தால் அடுத்து அவள் குரல் கேட்கும் என்று காது தானாகத் திரும்பும். எந்த நாளில் அது நின்றது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கு முந்தின நாள் ஏதாவது செய்திருப்பார்.

வீட்டில் ஒரு பதிவும் இல்லை. குரலை விற்றே குடும்பம் நடத்தியவள் வீட்டில் அவள் குரல் ஒரு துண்டு இல்லை என்றால் யார் நம்புவார்கள். டேப் ரிக்கார்டரை எடுத்தாலே விரட்டுவாள். "டப்பிங் தியேட்டர்ல பேசினா வேலை. வீட்டுல எதுக்குப் பிடிச்சு வைக்கிறீங்க, என்ன ஊறுகாயா?" தமிழ்நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பையன்கள் அத்தனை பேரும் அவள்தான். வெனிசுவேலாப் பையன், கொரியாப் பையன், எஸ்கிமோப் பையன், நரிக்குட்டி, ஆட்டுக்குட்டி, ஒரு படத்தில் வாயுள்ள டீ கெண்டி. சொந்தக் குரலில் அவளைப் பேசச் சொன்னவர் யாரும் இல்லை. மகள் கல்யாணத்து வீடியோ ஒன்று இருக்கிறது. அதில் அவள் நிறைய வருகிறாள். மாலையை வாங்கி வைக்கிறாள், சமையல்காரரைக் கூப்பிடுகிறாள், கேமராக்காரரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். ஆனால் அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் எல்லாரையும் போல அந்தப் புண்ணியவானும் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டான். தாலி கட்டும்போதுகூட பாட்டு. வாய் அசைகிறது, குரல் இல்லை. இதை அவர் பார்த்த மாதிரி வேறு எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். வாயசைவுக்கு வசனம் எழுதியே தலை நரைத்தவர். உதடு ஒட்டினால் ப அல்லது ம, பல் உதட்டைத் தொட்டால் வ, வாய் விரிந்தால் ஆ. அவள் சமையல்காரரைப் பார்த்துப் பேசும் இடத்தில் உதடு நாலு தரம் ஒட்டுகிறது. "பாயசம் பத்துமா மணி?" என்று எழுதினார். கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு ஒருநாள், "அப்பளம் எப்ப வரும்?" அதுவும் உட்கார்ந்தது. கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் இடத்துக்கு நாலைந்து எழுதிவிட்டார், எல்லாமே பொருந்தின. அதுதான் பயம். வீட்டில் தனியாக, டிவி முன்னால், செத்துப்போன பெண்டாட்டிக்கு வசனம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுத எழுத ஒவ்வொன்றும் அவள் சொன்னதாகவே ஆகிவிடுகிறது. ஒரு நாள் மகளிடம், "உங்கம்மா உன் கல்யாணத்தன்னிக்குப் பாயசம் பத்துமான்னு பதறினா பாரு" என்று சொல்லி, சொன்ன பிறகுதான் திடுக்கிட்டார். எங்கே பதறினாள்? அது அவர் எழுதியது. அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்பது பாட்டுக்கு அடியில் போய்விட்டது. அன்றிலிருந்து நினைப்பில் வருகிற அவள் பேச்சு ஒவ்வொன்றையும் நிறுத்திவைத்து விசாரிக்கிறார், நீ அவள் சொன்னதா, நான் எழுதினதா? பிரசவத்துக்குப் போகும்போது ஆட்டோவில் சொன்னது? அவருடைய அப்பா சாவுக்குச் சொன்ன ஆறுதல்? அளவாக, அழகாக இருக்கிறது என்றாலே சந்தேகம் வருகிறது. அவள் அளவாகப் பேசுகிறவள் இல்லையே.

திரையில் பையன் நடக்கிறான். ஒன்றும் பேசாமல் நடக்கிறான். காற்று மட்டும். எவ்வளவு நேரம் நடக்கிறான்! இவ்வளவு சும்மா இருந்ததா இந்தப் படம்? தமிழில் இந்த இடம் முழுக்க அவர் பேச்சு. டப்பிங் கம்பெனிக்காரர் உட்கார்ந்துகொண்டு சொல்வார், "என்ன சார், பையன் ஊமையா? வாய் தெரியலையே, எதையாவது போட்டு ரொப்புங்க. சத்தம் இல்லேன்னா நம்ம பசங்க டிவி ரிப்பேர்னு நெனச்சுத் தட்டுவாங்க." வாய் தெரியாத இடங்கள் என்றால் டப்பிங்காரனுக்குக் கொண்டாட்டம். முதுகு காட்டி நிற்கும் இடம், தூரத்தில் போகும் இடம், முகத்தில் துணி கட்டிய இடம். உதட்டுக்குப் பயப்பட வேண்டாம், இஷ்டத்துக்கு எழுதலாம். எட்டாம் வகுப்போடு அச்சாபீஸுக்குப் போய், அங்கே கிடந்த அகராதியை வைத்தே இங்கிலீஷ் படித்தவருக்கு, உதட்டுக்கு அடங்காமல் நாலு வரி எழுதக் கிடைக்கும் இடம் அதுதான். உலகம் முழுக்க எத்தனை படம். கிணற்றில் விழுந்த நிலாவை வாளி வாளியாக இறைக்கிற சிறுமி, ஜப்பான்காரன் எடுத்தது. குருட்டுக் குதிரையைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்க மனசு வராமல் திரும்புகிற தாத்தா, காகிதத்தை வெட்டி வெட்டி ஈரானில் எடுத்தது. கண்ணாடிமேல் மணலைத் தூவி வரைந்த திமிங்கிலம், கனடாவோ எதுவோ, கடைசியில் ஒரு கை வந்து மணலைக் கலைத்துவிட்டுப் போகும். சீனாக்காரன் மை தோய்த்து எடுத்த ஒன்றில் கொக்கு பறந்துகொண்டே இருக்கும், வேறொன்றும் இல்லை. எந்தத் தேசத்துக் கதையானாலும் ஒருத்தர் காணாமல் போவார், ஒருத்தர் தேடிப் போவார். அமெரிக்காக்காரன் படத்தில் கண்டுபிடித்துக் கட்டிப்பிடித்துப் பாடுவார்கள். ஜப்பான்காரன் படத்தில் கண்டுபிடித்ததும் காற்று வீசும், புல் சாயும். இந்தக் கிழக்கு ஐரோப்பாக்காரர்கள் படத்தில் கண்டுபிடித்த பிறகும் ஒன்றும் நடக்காது, பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அத்தனை பேர் வாயிலும் அவர் சொல்லைத் திணித்தார். கொக்கைக்கூடப் பேசவைத்தார். "மேகங்களே, என் துயரம் உங்களுக்குத் தெரியுமா?" அதைப் பேசிவிட்டு மைக் முன்னால் தமயந்தி ஒரு பார்வை பார்த்தாள். "கொக்குக்கு என்னங்க துயரம்? மீன் கிடைக்கலையா?"

இந்தப் படகோட்டி படத்தில்தான் சண்டை வந்தது. கடைசிக் காட்சி. பையன் அக்கரைக்கு வந்துவிட்டான். அப்பன் படகைக் கவிழ்த்துப் போட்டுச் செப்பனிட்டுக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். பையன் பின்னால் வந்து நிற்கிறான். குளிருக்கு மூக்குவரை சால்வை சுற்றியிருக்கிறது. வாயே தெரியாது. நீண்ட நேரம் நிற்பான், பிறகு அப்பன் திரும்புவான், படம் முடியும். விடுவாரா பரஞ்சோதி? ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினார். "அப்பா! ஏழு மலைகளையும் ஏழு நதிகளையும் கடந்து, உறைந்துபோன உங்கள் இதயத்தை உருக்குவதற்காக, அன்பு என்னும் ஒற்றை விளக்கை ஏந்தி வந்திருக்கிறேன்!" அதைப் படித்துவிட்டுத் தமயந்தி டப்பிங் தியேட்டர் கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து, எல்லாருக்கும் கேட்கிற மைக்கிலேயே, "இதை எந்தப் பிள்ளைங்க பேசும்?" என்றாள். ஒலிப்பதிவு செய்கிற பெஞ்சமின் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். "எழுதினதைப் பேசு" என்றார் இவர். "ஏழு மலை எங்க இருக்கு படத்துல? ஒரே ஒரு ஆறு, அதுவும் ஐஸ்." "அது ஒரு இதுக்குச் சொல்றது." "எதுக்கு?" "தமயந்தி, டைம் ஆகுது, வாடகை ஓடுது, எழுதினதைப் பேசு." "பேசறேன். நம்ம பொண்ணு உங்ககிட்ட வந்து இந்த மாதிரிப் பேசினா டாக்டர்கிட்டதானே கூட்டிட்டுப் போவீங்க?" கம்பெனிக்காரர், மேளம் வாசிக்கிறவர், டீ கொண்டுவந்தவர், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, "என்ன வேணா பேசிக்கோ" என்று எழுந்து போய்விட்டார். தெருமுனையில் டீ குடித்தார். இரண்டாவது டீயும் குடித்தார். வந்து பார்த்தால் வேலை முடிந்து விளக்கு அணைத்துக்கொண்டிருக்கிறார்கள். "என்ன பேசினே?" "என்ன வேணா பேசிக்கோன்னீங்க, பேசினேன்." பெஞ்சமினைப் பார்த்தார். "டிவில பாருங்க சாரே, முதல் டேக்லயே ஓகே" என்று கையை விரித்தார் அந்த மனுஷர்.

டிவியில் போட்ட ஞாயிற்றுக்கிழமை, அப்போது குடியிருந்த வடபழனியில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. அவ்வளவுதான். அதற்கப்புறம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். அவள் சொல்லமாட்டாள். அது ஒரு விளையாட்டாகப் போயிற்று. சாம்பாரில் உப்பில்லை என்று முகத்தைச் சுளித்தால், "அந்த டயலாக்கைச் சொல்லிடவா?" என்பாள். சொல்லு என்றால் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். கொஞ்ச காலத்தில் அவரும் கேட்பதை விட்டுவிட்டார். பெஞ்சமினும் போய்ச் சேர்ந்தார். எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்த விஷயம். பக்கத்து அறையில் இருக்கிற ஆளிடம் என்ன அவசரம்? பிறகு ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. கேட்க வேண்டியவற்றில் இது வருமா? எல்ஐசி பாலிசி எங்கே வைத்தாள் என்பதை மகள் தேடி எடுத்துவிட்டாள். இதை யார் எடுப்பார்கள்? அவள் பேச்சென்று மண்டையில் இருக்கிற எல்லாவற்றின்மேலும் அவர் கைரேகை விழுந்துவிட்டது. விழாத ஒன்று இது ஒன்றுதான். அவர் எழுதாததும், அவர் கேட்காததுமான ஒரே ஒரு வாக்கியம், அவளே யோசித்து அவளே பேசியது. குரலும் அவளுடையது, வார்த்தையும் அவளுடையது. அதைக் கேட்கத்தான் இஸ்திரி போட்ட சட்டை. அதைத்தான் பூஞ்சை தின்றுவிட்டது. என்ன பூஞ்சை அது? ரொட்டியில் வருமே, பச்சையாக, அதுவா? அவள் குரலைத் தின்றுவிட்டு அது எப்படி இருக்கும்? சே, என்ன யோசனை இது. மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஏசிதான் காரணம். இவ்வளவு குளிர் எதற்கு, பத்து இருபது பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில்? படம் முடிந்ததும் மைக்கைக் கையில் கொடுப்பாள் அந்தப் பெண். அந்தக் காலத்துல டப்பிங் எப்படி இருந்துச்சு சார்? எப்படி இருந்தது. சத்தம் இருந்தது, அவ்வளவுதான். ஓடிவிடலாமா. அதே காலை மூன்றாம் முறை மிதிக்க வேண்டும்.

வந்துவிட்டது. கவிழ்த்த படகு. அப்பனின் முதுகு. பையன் ஆற்றிலிருந்து கரையேறி வந்து, சால்வையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். பரஞ்சோதி தன்னையறியாமல் மூச்சைப் பிடித்தார், மைக் திறந்திருக்கும்போது டப்பிங் தியேட்டரில் எல்லாரும் பிடிப்பதுபோல. பையன் பேசவில்லை. கீழே எழுத்து எதுவும் வரவில்லை. உளியின் சத்தம் மட்டும், டொக், டொக். அந்த முதுகின் கம்பளி நூல் காற்றில் அசைந்தது. இந்த மௌனத்துக்குள் தமிழில் ஒரு வாக்கியம் இருந்தது, இங்கேதான், இந்த உளியடிக்கும் அடுத்த உளியடிக்கும் நடுவில். இருந்த இடம் மட்டும் இருக்கிறது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு அந்த இடத்தையே பார்த்தார், பார்த்தால் கேட்டுவிடும்போல. அப்போது முதுகுக்குப் பின்னால் குசுகுசுவென்று ஒரு பெண் குரல், "பாருங்க பிரேம், பாருங்க, இதான், இந்த இடம்தான்" என்றது. அப்புறம் இன்னும் ஏதோ சொன்னது. "...போதும்..." என்று ஒரு துண்டு மட்டும் காதில் விழுந்தது. ஆண் குரல் களுக்கென்று சிரித்தது. அதற்குள் உளி நின்று, அப்பன் திரும்பி, ஒலிபெருக்கி எல்லாவற்றிலிருந்தும் வயலின் கிளம்பி அரங்கத்தையே நிரப்பிவிட்டது. இந்த வயலினை உடைத்தால் என்ன. பெயர்கள் ஓட ஆரம்பித்தன, யாரும் வாசிக்க முடியாத பெயர்கள், ஓடி ஓடித் தீரவில்லை. உப்பைக் கொட்டினவன் பெயர்கூடப் போட்டிருப்பான்போல. எழுந்து போய்விடப்போகிறார்கள் பின்னால் இருப்பவர்கள். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அரைத் திரும்பலாகக் காத்திருந்தார். கழுத்து சுளுக்கியது.

விளக்கு போட்டார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு, காட்டன் புடவை, கழுத்தில் ஏதோ ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்ற மறந்திருந்தாள். "ஏம்மா, இப்ப என்னவோ சொன்னீங்களே. அந்தப் பையன் நிக்கிறப்ப." "ஐயோ சாரி சார், டிஸ்டர்ப் பண்ணிட்டோமா?" "இல்லம்மா, இல்ல. என்ன சொன்னீங்க?" அவள் கணவன் சிரித்தார். "ஒண்ணும் இல்ல சார். இந்தப் படத்தைச் சின்ன வயசுல தமிழ்ல டிவில பாத்திருக்கா. அதுல ஒரு டயலாக் வருமாம். கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்கு அதான். கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாப் போதும், ஆரம்பிச்சுடுவா." "சும்மா இருங்க. அது எங்கப்பாவுக்குன்னு ஏற்பட்டது சார். அவர் கோவம் வந்தா மொட்டைமாடில போய் உக்காந்துடுவாரு. நாங்க மூணு பேரும் வரிசையா மாடிப்படியில நின்னு சொல்லுவோம், சிரிச்சுட்டு இறங்கி வந்துடுவாரு." "என்ன டயலாக்?" அவர் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் கணவனைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற குரலில் சொன்னாள். "அப்பா, கோவிச்சுக்கிட்டது போதும். சோறு ஆறிப்போவுது, வாங்க."

சோறா. பனி கொட்டுகிற நாட்டில், ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்கிற நாட்டில், மரப்பொம்மைப் பையன் வந்து சோறு ஆறிப்போகிறது என்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? கோபம் ஜிவ்வென்று தொண்டைவரை வந்தது, அன்றைக்குத் தெருமுனையில் டீ குடித்தபோது இருந்த அதே கோபம், சூடு குறையாமல். இதைப் போய் முதல் டேக்கிலேயே ஓகே என்றாரே அந்தப் பெஞ்சமின். ஏழு மலை எங்கே இருக்கிறது என்று கேட்டவளுக்குச் சோறு எங்கே இருக்கிறது? கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வைத்திருப்பாள். அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வழக்கம்போல நிறுத்தி விசாரித்தார், நீ அவள் சொன்னதா, நான் எழுதினதா? சத்தியமாக அவர் எழுதவில்லை. கழுத்தில் கத்தி வைத்தாலும் இதை எழுதியிருக்க மாட்டார். ஆனால் குரல் எங்கே? வார்த்தை வந்துவிட்டது, ஒரு ஆபீஸ்காரப் பெண்ணின் குரலில் வந்து நிற்கிறது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் இதையும் அந்த யாருடையதுமில்லாத சத்தம் வந்து எடுத்துக்கொண்டுவிடும். "இப்படியேவா சொன்னான்?" என்றார். "இல்ல சார், அது ஒரு மாதிரி..." "எந்த மாதிரி சொன்னானோ அதே மாதிரி சொல்லும்மா." "ஐயோ, இத்தனை பேர் முன்னாடியா?" "சொல்லு பாமா, எனக்கு மட்டும் தினம் சொல்ற" என்றார் கணவர். மேடைப்பக்கமிருந்து அனுஷா மைக்கோடு வருவது தெரிந்தது. பரஞ்சோதி அவளைப் பார்த்துக் கையைக் காட்டினார், நில் என்று.

பாமா அரங்கத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். "மூடிக்கிட்டாத்தான் சார் எனக்கு வரும். அப்படியேதான் வெளையாடுவோம்" என்று புடவைத் தலைப்பை இழுத்து மூக்குவரை மறைத்துக்கொண்டாள். கண் மட்டும் தெரிந்தது, சிரிப்பை அடக்குகிற கண். பிறகு அந்தக் கண்ணும் மாறிற்று. மாடிப்படியில் நிற்கிற கண். தலைப்புக்கு உள்ளேயிருந்து முதலில் ஒரு மூச்சு வந்தது, தூரத்திலிருந்து ஓடிவந்து நின்ற பிள்ளையின் மூச்சு, முழுசாக இழுக்காமல் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை மூக்கில் விடுகிற மூச்சு. மைக் முன்னால் அப்படி மூச்சு விடுகிறவள் ஒருத்திதான்.

"அப்பா" என்றாள் தமயந்தி. "கோவிச்சுக்கிட்டது போதும்."